520 நொடியும் 710 நொடியும்: ஒரே ஜாபுக்கு வந்த இரண்டு சிபியு கணக்கு

2017இல் ஒரு மாதத்தின் முதல் தேதி. காலையில் வந்து உட்கார்ந்ததும் ஒரு மின்னஞ்சல். பாலிசி புதுப்பிப்புக்காக இரவில் ஓடும் ஜாவா பேட்ச் ஜாப் (தானாக மொத்தமாக ஓடும் வேலை) ஒன்று வழக்கமாக 520 நொடி சிபியு, அதாவது பிராசசர் நேரம், எடுக்கும், நேற்று மாதக் கடைசி இரவில் 710 நொடி எடுத்திருக்கிறது, 36 சதவீதத்துக்கு மேல் கூடுதல், மாலைக்குள் காரணம் வேண்டும். மின்னஞ்சல் போன ஆட்களின் பட்டியலைப் பார்த்தாலே யார் தலையில் விழப்போகிறது என்று தெரிந்தது. ஜாவா கோடு எழுதிய குழுவின் மேலாளர்கள் மூன்று பேர் அதில் இருந்தார்கள்.

அந்தக் குழுவில் இருந்த பையன் ஒருவன் மதியத்துக்குள் என் இடத்துக்கே வந்துவிட்டான். "சார், ஆறு வாரமா நாங்க ஒரு வரி கூட மாத்தலை. ரெக்கார்டு எண்ணிக்கையும் பாத்துட்டேன், அதேதான். ஆனா எல்லாரும் எங்க கோடுலதான் ஏதோ லூப் இருக்குன்னு சொல்றாங்க." ஜாப் லாக்கை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தான். பத்து இரவுகளின் ரெக்கார்டு எண்ணிக்கையை வரிசையாக எழுதிப் பக்கத்தில் டிக் போட்டிருந்தான். அவன் சொன்னது முழுக்க உண்மை. தவறு இருந்தது எங்கள் ரிப்போர்ட்டில்.

சூழலைச் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் வெளிநாட்டில் உள்ள ஒரு காப்பீட்டு நிறுவனம். மெயின்பிரேம் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினி) அங்கே, அதன் பெர்பாமன்ஸ் ரிப்போர்ட்டையும் கெபாசிட்டி கணக்கையும் பார்க்கும் நாங்கள் சென்னையில். இயந்திரம் ஐபிஎம் இசட்13, கெபாசிட்டி மாடல் 508. அதாவது எட்டு பொதுப் பிராசசர்கள், அவற்றின் வேகம் "5" என்ற படியில். இவற்றைத்தான் எல்லோரும் சிபி என்போம். கூடவே ஜிப் (zIIP) என்ற வகையில் இரண்டு இருந்தன. ஐபிஎம் 2006இல் இசட்9 காலத்தில் கொண்டுவந்த சிறப்புப் பிராசசர் இது. ஜாவா, வெளியிலிருந்து டிஆர்டிஏ (பிணைய வழி டேட்டாபேஸ் இணைப்பு முறை) வழியாக டிபி2 டேட்டாபேஸுக்கு வரும் வேலையில் ஒரு பகுதி, டிபி2வின் சில உள்வேலைகள் என்று குறிப்பிட்ட வகை வேலைகள் மட்டும் இதில் ஓடும். இதில் ஓடும் வேலை எம்எஸ்யு (கட்டணத்துக்கான பயன்பாட்டு அளவு) கணக்கில் சேராது, எனவே ஐபிஎம் மென்பொருளின் மாதக் கட்டணமும் அதற்கு ஏறாது. மெயின்பிரேம் வைத்திருப்பவர்கள் ஜிப்பை விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான். ஜாவாவுக்கென்றே 2004இல் இசட்ஏஏபி (zAAP) என்று இன்னொரு சிறப்புப் பிராசசர் வந்திருந்தது, அதன் வேலையையும் பின்னாளில் ஜிப்பே ஏற்றுக்கொண்டது, இசட்13இல் இசட்ஏஏபி கிடையாது.

ஜிப் வேறு ஒரு சிப் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே சிப், ஒரே கோர். இயந்திரத்தை இயக்கும்போது ஃபர்ம்வேர் இந்தக் கோரை சிபி ஆக்கு, அதை ஜிப் ஆக்கு, இன்னொன்றை லினக்ஸுக்கான ஐஎஃப்எல் ஆக்கு என்று பிரித்துவிடுகிறது. இங்கே முக்கியமான வித்தியாசம் ஒன்றுதான். பொதுப் பிராசசரைக் குறைந்த வேகத்தில் வாங்கலாம், சிறப்புப் பிராசசரை அப்படி வாங்க முடியாது, அது எப்போதும் முழு வேகம்தான். இசட்13இல் 7 படி முழு வேகம். 6 அதில் சுமார் 63 சதவீதம், 5 சுமார் 44 சதவீதம், 4 சுமார் 15 சதவீதம். ஆக எங்கள் வாடிக்கையாளரிடம் இருந்த எட்டு சிபியும் பாதிக்கும் குறைவான வேகம், இரண்டு ஜிப்பும் முழு வேகம். ஜிப் ஒரு நொடியில் முடிக்கும் வேலைக்கு சிபிக்கு 2.27 நொடி ஆகும்.

இந்த இடத்தில்தான் எங்கள் குழுவிலேயே ஒரு வாக்குவாதம் வந்தது. மூத்தவர் ஒருவர், நான் மிகவும் மதிப்பவர், "இரண்டும் 5 கிகாஹெர்ட்ஸ்தானே, அப்புறம் எப்படி நொடி மாறும்?" என்றார். கேள்வி நியாயமானது. இசட்13இன் கடிகாரம் 5 கிகாஹெர்ட்ஸ்தான், 5 படி சிபிக்கும் அதே கடிகாரம்தான். கடிகாரத்தை யாரும் குறைப்பதில்லை. ஃபர்ம்வேர் இடையிடையே காத்திருப்பைச் சொருகி, முடியும் வேலையின் அளவைத்தான் குறைக்கிறது. அந்தக் காத்திருப்பும் சிபியு நேரமாகவே பதிவாகும். கடிகாரத்தைப் பார்த்து வேகத்தை முடிவு செய்பவர்கள் எல்லோரும் இங்கே தடுக்கி விழுவார்கள். நான் கன்சோலில் டிஸ்பிளே எம் சிபியு கட்டளையைப் போட்டுக் காட்டினேன். பிராசசர் பட்டியலில் 00 முதல் 07 வரை வெறும் கூட்டல் குறி, 08க்கும் 09க்கும் கூட்டல் குறியோடு "ஐ" என்ற எழுத்து. அந்த ஒற்றை எழுத்துதான் ஜிப் என்பதற்கான அடையாளம். கீழே சிபிசி எஸ்ஐ என்ற வரியில் 2964 புள்ளி 508. அந்த ஐந்தைத் தொட்டுக் காட்டி, "இதுதான் அண்ணா வேகம், கிகாஹெர்ட்ஸ் இல்லை" என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்ப நம்ம ரிப்போர்ட் என்ன பண்ணுது?" என்று கேட்டார். சரியான கேள்வி அதுதான்.

ரிப்போர்ட் என்ன செய்தது என்று பார்ப்போம். ஒவ்வொரு ஜாப் முடியும்போதும் இசட் ஓஎஸ் (மெயின்பிரேமின் இயங்குதளம்) எஸ்எம்எஃப் 30 என்ற பயன்பாட்டுக் கணக்கு ரெக்கார்டு எழுதும், ஸ்டெப் முடிவுக்கு சப்டைப் 4, ஜாப் முடிவுக்கு சப்டைப் 5. அதில் எஸ்எம்எஃப்30சிபிடி என்ற ஃபீல்டில் பொதுப் பிராசசரில் ஓடிய நேரம் இருக்கும். எஸ்எம்எஃப்30_டைம்_ஆன்_ஜிப் என்ற ஃபீல்டில் ஜிப்பில் ஓடிய நேரம், ஜிப்பின் சொந்த நொடியிலேயே இருக்கும். எஸ்எம்எஃப்30_டைம்_ஜிப்_ஆன்_சிபி என்று மூன்றாவது ஒன்று உண்டு: ஜிப்பில் ஓடத் தகுதி இருந்தும் சிபியில் ஓடிய நேரம். இது சிபிடிக்குள்ளேயே அடங்கியது, தனியாகக் கூட்டக் கூடாது. எங்கள் சாஸ் (ரிப்போர்ட் எழுதப் பயன்படும் மொழி) புரோகிராம் முதல் இரண்டையும் எடுத்து நேராகக் கூட்டி "மொத்த சிபியு" என்று ஒரு பத்தியில் போட்டது. அவ்வளவுதான்.

வழக்கமான இரவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் (எண்களை எளிமைக்காகக் கொஞ்சம் முழுமைப்படுத்தியிருக்கிறேன்). சிபியில் 120 நொடி, ஜிப்பில் 400 நொடி, கூட்டினால் 520. மாதக் கடைசி இரவில் சிபியில் 460, ஜிப்பில் 250, கூட்டினால் 710. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று கண்ணில் படும். ஜிப்பில் குறைந்தது 150 நொடி, சிபியில் கூடியது 340 நொடி. மூன்றாவது ஃபீல்டைத் திறந்தால் அங்கேயும் 340. ஜிப்பில் ஓடியிருக்க வேண்டிய 150 நொடி வேலைதான் சிபிக்குப் போய் 340 நொடி ஆகியிருக்கிறது. 340ஐ 150ஆல் வகுத்தால் 2.27.

அந்தப் பையனிடம் கால்குலேட்டரைக் கொடுத்து அவனையே வகுக்கச் சொன்னேன். 2.27 வந்ததும் அவன் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை.

இந்தக் கணக்கைச் செய்ய ஊகம் எதுவும் தேவையில்லை. மாற்று எண்ணை ஐபிஎம் அதே ரெக்கார்டுக்குள் எழுதி வைத்திருக்கிறது. ஃபீல்டின் பெயர் எஸ்எம்எஃப்30எஸ்என்எஃப், ஜிப்புக்கான நார்மலைசேஷன் ஃபேக்டர். ஜிப் நொடியை இதனால் பெருக்கி 256ஆல் வகுத்தால் சிபி நொடி கிடைக்கும். எங்கள் 508இல் இதன் மதிப்பு 581. இப்போது முதல் இரவு: 400 பெருக்கல் 581, வகுத்தல் 256, வருவது 908. அதோடு சிபியின் 120, மொத்தம் 1028 நொடி. மாதக் கடைசி இரவு: 250ஐ மாற்றினால் 567, அதோடு 460, மொத்தம் 1027. ஒரே வேலை. நிஜமான ரெக்கார்டுகளில் 3, 4 சதவீதம் முன்பின் இருந்தது, அது இருக்கத்தான் செய்யும், ஏனென்றால் இந்த ஃபேக்டர் எல்லா வேலைக்கும் பொதுவான ஒரே எண், ஒரு குறிப்பிட்ட வேலை பிராசசரின் கேஷ் நினைவகத்தை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதெல்லாம் அதில் வராது. ஆனால் 36 சதவீத ஏற்றம் என்ற ஒன்று நடக்கவே இல்லை.

இவ்வளவு நாள் இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? என்னை மிகவும் உறுத்திய கேள்வி இது, பதிலைத் தேடப் பழைய ஆவணங்களைத் தோண்டினேன். புரோகிராம் 2009இல் எழுதப்பட்டது. அப்போது வாடிக்கையாளரிடம் இருந்தது இசட்10, 7 படி, முழு வேக சிபிகள். பிறகு இசட்இசி12 வந்தது, அதுவும் 7 படி. சிபியும் ஜிப்பும் ஒரே வேகம் என்றால் ஃபேக்டர் 256, அதை 256ஆல் வகுத்தால் 1. அதாவது எழுதியவர் பெருக்கலை விட்டுவிட்டாலும் விடை சரியாகவே வந்துகொண்டிருந்தது, வருடக்கணக்காக, ஆயிரக்கணக்கான ரிப்போர்ட்டுகளில். இசட்13 வாங்கும்போது குறைவான எண்ணிக்கையில் வேகமான சிபிகளுக்குப் பதிலாக மெதுவான சிபிகள் நிறைய இருக்கட்டும் என்று முடிவு செய்து 508க்குப் போனார்கள். அந்த முடிவில் தவறு இல்லை, நிறைய சின்னச் சின்ன டிரான்சாக்ஷன்கள் ஒரே நேரத்தில் வரும் இடத்துக்கு அது நல்ல முடிவுகூட. ஆனால் அந்த வார இறுதியில் 256 என்பது 581 ஆனது, எங்கள் புரோகிராம் அதைப் பார்க்கவே இல்லை. இயந்திர மாற்றத்துக்கான செக்லிஸ்டில் நூற்றுக்கும் மேலான வரிகள் இருந்தன, இது இல்லை.

மாறிய மாதத்தில் கிராஃபில் ஒரு பள்ளம் இருந்தது. ஜாவா வேலைகளின் "மொத்த சிபியு" மற்ற வேலைகளோடு ஒப்பிடும்போது சட்டென்று இறங்கியிருந்தது. "புதிய இயந்திரம், ஜாவாவுக்கு நன்றாக ஒத்துவருகிறது" என்று அப்போதைய மாத அறிக்கையில் ஒருவர் எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்த அறிக்கையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

சரி, ஜிப்பில் ஓட வேண்டியது ஏன் சிபிக்கு வந்தது? மாதக் கடைசியில் வெளியில் உள்ள ஒரு ரிப்போர்ட்டிங் சர்வர் டிபி2விலிருந்து பெரிய அளவில் டேட்டா இழுக்கும். டிஆர்டிஏ வழியாக வரும் அந்த வேலையில் சுமார் 60 சதவீதம் ஜிப்புக்குத் தகுதியானது. இரண்டு ஜிப்பும் அந்த நேரத்தில் நிறைந்துவிடும். ஜிப்பில் வரிசை நீண்டு, ஜிப்அவ்எம்டி என்ற அளவுக்குள் (ஹைபர்டிஸ்பாட்ச் என்ற பிராசசர் ஒதுக்கீட்டு வசதி போட்டிருந்தால் இயல்பாக 3200 மைக்ரோ நொடி) வரிசையைத் தீர்க்க முடியவில்லை என்றால் ஜிப் சிபியிடம் உதவி கேட்கும். ஐஇஏஓபிடி மெம்பரில் (சிஸ்டம் அமைப்புக் கோப்பு) ஐஐபிஹானர்பிரயாரிட்டி என்பது யெஸ் என்று இருந்தால் சிபிகள் அந்த வேலையை எடுத்துச் செய்யும், இயல்பாகவே அது யெஸ்தான்.

உடனே ஒருவர் "அதை நோ ஆக்கிவிடலாமே" என்றார். ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஒருவர் இதைச் சொல்வார், தயவுசெய்து செய்யாதீர்கள். டிபி2 பதிப்பு 10 முதல் பிரீஃபெட்ச் (டேட்டாவை முன்கூட்டியே படிப்பது), டிஃபெர்டு ரைட் (பிறகு சேர்த்து எழுதுவது) போன்ற டிபி2வின் சொந்த வேலைகள் ஜிப்புக்குப் போகின்றன. மொத்த சிஸ்டத்துக்கும் நோ என்று போட்டால் அவையும் ஜிப் வரிசையிலேயே சிக்கிக்கொள்ளும், டிபி2வே திணறும், அப்போது ஒரு பேட்ச் ஜாபைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இருக்காது. வேண்டுமானால் டபிள்யுஎல்எம்மில் (வேலைகளுக்கு முன்னுரிமை தரும் பகுதி) ஒரு குறிப்பிட்ட சர்வீஸ் கிளாஸுக்கு, அதாவது ஒரு வகை வேலைகளுக்கு மட்டும் ஹானர் பிரயாரிட்டியை நிறுத்தலாம், அதுவும் காத்திருந்தால் பரவாயில்லை என்று உறுதியாகத் தெரிந்த வேலைக்கு மட்டும்.

சிபி மெதுவாக இருக்கும் இயந்திரங்களில் இந்த வழிதல் சாதாரண விஷயம் அல்ல. 7 படியில் ஜிப்பிலிருந்து சிபிக்கு வழிந்தால் கட்டணம் மட்டும்தான் கூடும், ஓடும் நேரம் மாறாது. 5 படியில் அதே கோடு 2.27 மடங்கு நேரம் எடுக்கும். 4 படியில் ஆறரை மடங்குக்கு மேல். சின்ன இயந்திரங்களில் இன்னும் மோசம்: ஐபிஎம்மின் திறன் அட்டவணைப்படி இசட்114இல் மிகச் சிறிய ஏ01 வெறும் 26 மிப்ஸ் (வேலைத் திறனின் அளவு), முழு வேக இசட்01 782 மிப்ஸ், முப்பது மடங்கு வித்தியாசம். அங்கே ஒரு ஜாவா வேலை ஒரு இரவு ஒரு நிமிடத்தில் முடிந்து, மறுநாள் இரவு அரை மணி நேரம் ஆனால், முதலில் கோடைப் பார்க்காமல் எங்கே ஓடியது என்று பாருங்கள். நேரம் இப்படி ஏறி இறங்குவதை அனுபவிக்கும் ஆப்பரேட்டருக்கு இது பேய் பிடித்தது போலத்தான் தெரியும்.

இதுவரை சொன்னது ஒரு ஜாபின் கதை. அதைவிடப் பெரிய தவறு ஒன்று இந்தக் கூட்டலால் நடந்திருந்தது, அதைக் கண்டுபிடித்த பிறகு இரண்டு நாள் எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

இந்த ஜாவா ஜாப் முன்பு கோபால் (COBOL) என்ற பழைய நிரல் மொழியில் இருந்தது. கோபால் ஜாப் 900 நொடி சிபி எடுத்தது, எல்லாமே சிபியில். ஜாவாவுக்கு மாற்றிய பிறகு எங்கள் ரிப்போர்ட் 520 என்று காட்டியது. "42 சதவீதம் குறைந்த சிபியு" என்று ஒரு ஸ்லைடு தயாராகி, அடுத்து எந்தெந்த கோபால் ஜாப்களை ஜாவாவுக்கு மாற்றலாம் என்று பட்டியல்கூடப் போடப்பட்டிருந்தது. சரியான கணக்கு என்ன? ஜாவா செய்த வேலை 1028 சிபி நொடி, கோபாலைவிட 14 சதவீதம் அதிகம். ஜாவா திறமையாக ஓடவில்லை, வேகமான பிராசசரில் ஓடியது. ஆனால் உடனே ஜாவாவுக்கு மாற்றியது வீண் என்றும் சொல்லிவிட முடியாது. கட்டணம் ஏறும் பொதுப் பிராசசரில் கோபால் 900 நொடி, ஜாவா 120 நொடி. மென்பொருள் கட்டணக் கோணத்தில் 87 சதவீதம் மிச்சம், அதுவும் நிஜம்.

ஆக இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு வேலை நடந்தது என்று கேட்டால் ஜிப் நொடியை மாற்றிக் கூட்ட வேண்டும், 1028. எவ்வளவுக்குக் கட்டணம் ஏறும் என்று கேட்டால் சிபி நொடியை மட்டும் பார்க்க வேண்டும், 120. எங்கள் 520 இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை. உலகத்தில் எந்தக் கேள்விக்கும் அது பதில் இல்லை, ரூபாயையும் டாலரையும் மாற்று விகிதம் பார்க்காமல் கூட்டியது போன்ற ஒரு எண் அது. அதை வைத்து மூன்று வருடத் திட்டம் ஒன்று போடப்பட்டிருந்தது.

துறைகளுக்குப் பிரித்துப் பில் போடும் கணக்கிலும் இதே எண்தான். கோபால் வைத்திருந்த துறைகள் செய்த வேலைக்கு முழுதாகக் கட்டின. ஜாவா துறை செய்த வேலையில் பாதிக்குத்தான் கட்டியது. ஜிப் நொடிக்குக் குறைந்த விலை வைப்பது வேறு, அது வெளிப்படையாக எடுக்க வேண்டிய முடிவு, எனக்கு அதில் உடன்பாடுதான். யாருக்கும் தெரியாமல் ஒரு கூட்டல் பிழை வழியாக அந்தச் சலுகை போனதுதான் தப்பு. அதோடு மாதக் கடைசியில் ஜிப் நிறைந்தால் ஜாவா துறையின் பில் ஏறியது, அவர்கள் எதுவும் செய்யாமலேயே, இன்னொரு துறையின் டேட்டா இழுப்பால்.

கெபாசிட்டி கணக்கில் பிழை இரண்டு திசையிலும் போகும். எங்கள் ஆவணங்களில் இரண்டுமே இருந்தன.

மாதக் கடைசியின் உச்ச மணி நேரத்தில் ஜிப்பிலிருந்து சிபிக்கு வழிந்தது, எல்லா வேலையும் சேர்த்து, 1800 சிபி நொடி. "அரை இன்ஜின் (அரை பிராசசர்) வழிகிறது, அரை ஜிப் வேண்டும்" என்று ஒரு குறிப்பு. 1800ஐ ஜிப் நொடிக்கு மாற்றினால், 256ஆல் பெருக்கி 581ஆல் வகுத்தால், 793. ஒரு மணி நேரத்தில் 22 சதவீதம் ஜிப். பாதிக்கும் குறைவு. இதில் பிழை நம்மைத் தேவைக்கு மேல் வாங்க வைக்கும், பணம் போகும், ஆனால் யாரும் கீழே விழமாட்டார்கள்.

மறுதிசைதான் பயம். பேரிடர் மீட்புத் திட்டத்தில், மாற்று மையத்தில் ஜிப் இல்லாமல் சிபி மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் இருந்தது. இங்கே இரண்டு ஜிப்பும் உச்சத்தில் 70 சதவீதம் ஓடுகின்றன, எனவே கூடுதலாக 1.4 சிபி போதும் என்று எழுதியிருந்தது. மாற்றிப் பார்த்தால் 1.4 பெருக்கல் 2.27, கிட்டத்தட்ட 3.2 சிபி. எட்டு சிபி உள்ள இயந்திரத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லை. ஒரு நிஜ பேரிடர் வந்து, எல்லோரும் பதற்றத்தில் இருக்கும் அந்த இரவில்தான் கிட்டத்தட்ட இரண்டு பிராசசர் குறைவு என்று தெரிந்திருக்கும். அந்தப் பக்கத்தை அன்றே திருத்தி அனுப்பினோம், மற்ற எதற்கும் காத்திருக்கவில்லை.

ஆர்எம்எஃப் (இசட் ஓஎஸ்ஸின் பெர்பாமன்ஸ் அளவீட்டுக் கருவி) ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக வந்துவிடும், எஸ்எம்எஃப் 30ஐ விட்டுவிட்டு அதைப் பார்க்கலாமே என்றும் கேட்டார்கள். ஆர்எம்எஃப் எழுதும் எஸ்எம்எஃப் 72 சப்டைப் 3இலும் இதே போன்ற ஃபேக்டர் இருக்கிறது, ஆர்723என்எஃப்எஃப்எஸ், அதையும் 256ஆல்தான் வகுக்க வேண்டும். ஆனால் எல்லா ஃபீல்டும் ஒரே அலகில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிலது ஏற்கனவே சிபி அளவுக்கு மாற்றப்பட்டிருக்கும், சிலது ஜிப்பின் சொந்த நேரத்தில் இருக்கும். மாற்றியதையே மறுபடி மாற்றினால் 2.27இன் வர்க்கம், ஐந்து மடங்குக்கு மேல் பிழை. எங்கள் குழுவில் இதற்கு ஒரு பழக்கம் வைத்தோம்: ஒரு புதிய ஃபீல்டை ரிப்போர்ட்டில் சேர்க்கும் முன், வேறு எதுவும் ஓடாத நேரத்தில் ஜிப்பை மட்டும் அரைக்கிற ஒரு சின்ன ஜாவா வேலையை ஒரு முறை ஓட்டுவது, ஃபீல்டில் வரும் நொடி சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறதா அல்லது அதைவிட 2.27 மடங்கா என்று பார்ப்பது. ஒரே திரெட் 60 நொடி இடைவிடாமல் ஓடினால் ஜிப்பின் சொந்த நேரம் 60ஐத் தாண்ட முடியாது. 136 என்று வந்தால் அது மாற்றப்பட்ட எண். மேனுவலைப் படித்துவிட்டு இதையும் செய்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

எஸ்எம்டி (ஒரே கோரில் ஒன்றுக்கு மேற்பட்ட திரெட் ஓட்டுவது) பற்றி ஒரு வார்த்தை. இசட்13இலிருந்து ஜிப் கோர் ஒவ்வொன்றிலும் இரண்டு திரெட் ஓட்டலாம், எம்டி_ஜிப்_மோட் 2 என்று போட வேண்டும், லோட் மெம்பரில் பிராக்வியூ கோர் இருக்க வேண்டும். சிபிக்கு இந்த வசதி கிடையாது, அது எப்போதும் ஒற்றைத் திரெட். இரண்டு திரெட் ஒரே கோரைப் பகிரும்போது ஒவ்வொன்றும் தனியாக ஓடுவதைவிட மெதுவாகத்தான் ஓடும், மொத்தமாக முடிவது கூடும். எனவே இசட் ஓஎஸ், திரெட் ஓடிய நேரத்தை அப்படியே எழுதாமல், ஒற்றைத் திரெட்டில் ஓடியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று மதிப்பிட்டு அதைத்தான் எழுதுகிறது. அந்த மதிப்பீட்டு நொடியின் மேல் நம் 581ஐப் பெருக்குகிறோம். ஆர்எம்எஃப் சிபியு ரிப்போர்ட்டில் மேக்ஸ் சிஎஃப், சிஎஃப், ஆவரேஜ் டிடி என்று இதற்கான எண்கள் தனியாக வரும். எங்கள் வாடிக்கையாளர் அப்போது எஸ்எம்டி போடவில்லை, நானும் போடச் சொல்லவில்லை. அடிப்படைக் கூட்டலே தப்பாக இருக்கும் இடத்தில் மதிப்பீடு ஒன்றையும் சேர்த்தால் எது எங்கே பிசகியது என்று பிறகு பிரித்துப் பார்க்கவே முடியாது.

திருத்தம் என்று பார்த்தால் சாஸில் ஒரே ஒரு வரி. 581ஐ நேராக எழுதிவிடலாம் என்று அவசரத்தில் ஒருவர் எழுதியும் விட்டார், அதை எடுக்கச் சொன்னேன். 2009இல் நடந்த தவறும் சாராம்சத்தில் அதேதான், 1 என்ற எண்ணை யாரும் எழுதாமலே எழுதியது. ஃபேக்டர் ஒவ்வொரு ரெக்கார்டிலும் இருக்கிறது, அந்தந்த ரெக்கார்டின் ஃபேக்டரால் அந்தந்த நொடியைப் பெருக்கினால் எந்த இயந்திரத்திலிருந்து வந்த ரெக்கார்டாக இருந்தாலும் சரியாக வரும். "மொத்த சிபியு" பத்தியை எடுத்துவிட்டு நான்கு பத்தி வைத்தோம்: சிபி நொடி, அதில் ஜிப்பிலிருந்து வழிந்தது, ஜிப் சொந்த நொடி, சிபி அளவில் மொத்த வேலை. பத்தி கூடியதற்கு முதலில் முணுமுணுப்பு இருந்தது. வழிந்த நேரத்துக்கான அந்த இரண்டாவது பத்திதான் இப்போது எல்லோரும் முதலில் பார்ப்பது.

மாதக் கடைசி டேட்டா இழுப்பை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தார்கள். அடுத்த மாதக் கடைசியில் அந்த ஜாப் சிபியில் 125, ஜிப்பில் 396. பையன் அந்த எண்களை எனக்கு இரவு இரண்டு மணிக்கே அனுப்பியிருந்தான், கீழே அவனே 581ஆல் பெருக்கி 256ஆல் வகுத்து மொத்தம் 1024 என்று எழுதியிருந்தான். பழைய பில்களைத் திருத்தி அனுப்ப எங்களுக்கு இன்னும் நான்கு மாதம் ஆனது.